நெக்கின் பிசுபிசுப்பு: உப்புத்தாளைக் கையிலெடுப்பதற்கு முன்

ஆறாம்தந்தி

என்னிடம் வந்த பழைய எலக்ட்ரிக் கிட்டாரின் நெக்கில், அதாவது கழுத்துப் பகுதியில், முதல் ஃப்ரெட்டுக்கும் (குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஐந்தாம் ஃப்ரெட்டுக்கும் இடைப்பட்ட பின்பகுதியில் மட்டும் கட்டைவிரல் நகராமல் ஒட்டிக்கொண்டது. கை அதிகம் போகாத மேல் ஃப்ரெட்டுகளின் பின்னால் பூச்சு இறுக்கமாகவும் பளபளப்பாகவும் இருந்தது. பூச்சு காயாததுதான் காரணம் என்றால் நெக் முழுவதுமே ஒட்டியிருக்க வேண்டும். ஆகவே வியர்வையையும் தோலின் எண்ணெய்ப் பசையையும்தான் முதலில் சந்தேகித்தேன். நாப்தா என்னும் கரைப்பானில் நனைத்த பருத்தித் துணியால் துடைத்தபோது துணி பழுப்பேறியதே தவிர, ஒட்டல் முழுமையாகப் போகவில்லை. நகத்தால் மெல்ல அழுத்தினால் அந்த இடத்தில் தடம் பதிந்தது. அழுக்கு மேலே படிந்திருந்ததோடு நிற்காமல் பூச்சுக்குள்ளும் ஊறியிருந்தது.

அடுத்து, அது எந்த வகைப் பூச்சு என்று தெரிந்தாக வேண்டும். போல்ட்டுகளைக் கழற்றி நெக்கைப் பிரித்து, உடலுக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியில் அசிட்டோன் தொட்ட பஞ்சுக் குச்சியை வைத்தேன். பூச்சு உடனே இளகிக் குச்சியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்னும் பூச்சின் இயல்பு அது: கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே அது இறுகுகிறது என்பதால், எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் பொருத்தமான கரைப்பான் பட்டால் மீண்டும் இளகிவிடும். பாலியூரித்தேனும் பாலியெஸ்டரும் வேதிவினையால் பின்னிப் பிணைந்து இறுகுபவை. அசிட்டோன் சிறிது பட்டால் எளிதில் அசையமாட்டா.

இளகிய லாக்கரின் மேல் உப்புத்தாளைத் தேய்ப்பதில் பயனில்லை. சில இழுப்புகளிலேயே தாளின் பரப்பில் மஞ்சள் உருண்டைகள் அப்பிக்கொள்ள, அதற்குப் பிறகு தாள் அறுப்பதில்லை, பூச்சை இழுத்துவிடுகிறது. எனவே ஃப்ரெட்போர்டின் ஓரத்தையும் தலைப்பகுதியின் முத்திரையையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, மரம் சுரண்டும் மெல்லிய எஃகுத் தகட்டால் இளகிய அடுக்கை மட்டும் சுருள் சுருளாக எடுத்தேன். அடியிலிருந்த மேப்பிள் மரம் தெரியத் தொடங்கியதும் 400, 600, 800 எண் தாள்களால் மர இழையின் போக்கிலேயே தேய்த்தேன். வெறும் மேப்பிளாக விட்டால் வியர்வையையும் ஈரத்தையும் உறிஞ்சிக் கறுத்துவிடும் என்பதால், மரத்துக்குப் பூசும் டங் எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசி, மிகுந்ததைத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மறுபடியும் பூசினேன். டங், ஆளிவிதை போன்ற உலரும் எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடுவது ஆபத்து. அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துப் போட்டுக் காயவைத்த பிறகே எறிய வேண்டும்.

மேப்பிள்கை

என்னுடைய அனுபவம் இதற்கு நேர்மாறானது. என் நெக் பளபளப்பான பாலியெஸ்டர். நகம் பதியவில்லை, அசிட்டோனுக்கும் அசையவில்லை. ஆனாலும் கை வியர்த்த மாத்திரத்தில் ஒட்டியது. கண்ணாடி போல வழவழத்த பரப்போடு ஈரத் தோல் முழுதாகப் படிந்து உராய்வைக் கூட்டுவதுதான் அங்கே சிக்கல். அதற்குப் பூச்சை அகற்றத் தேவையே இல்லை, பளபளப்பைக் கொன்றால் போதும். சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட் தேய்ப்புப் பட்டையால் நெக்கின் நீளவாக்கில், அழுத்தாமல், பளபளப்பு சீராக மங்கும்வரை தேய்த்தேன். 0000 எண் ஸ்டீல் வுல்லும் (மிக மெல்லிய எஃகுப் பஞ்சு) இதே வேலையைச் செய்யும். ஆனால் அதன் இரும்புத் தூள், தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புகளின் காந்தங்களில் புகுந்துகொண்டால் எடுப்பது பெரும்பாடு என்பதால், நெக்கைக் கழற்ற முடியாத கிட்டார்களில் பிக்கப்புகளை முழுவதும் மூடாமல் அதைத் தொடவே கூடாது. நாளடைவில் கைபட்டே மீண்டும் மெருகேறிவிடும். அப்போது மறுபடியும் லேசாகத் தேய்க்க வேண்டியதுதான். முகப்பவுடர் தடவச் சொல்பவர்களும் உண்டு. வியர்வையோடு சேர்ந்து அது பசையாகிவிடுகிறது என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தாங்கிக்காரர்

கை படாத இடமும் ஒட்டலாம் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கிட்டாரில் நெக்கின் பின்னால், தலைக்குச் சற்றுக் கீழே, குறுக்காக ஒரு பட்டை மட்டும் பிசுபிசுத்தது. கிட்டாரை நிறுத்திவைக்கும் தாங்கியின் ரப்பர் உறை தொடும் இடம் அது. சில வகை ரப்பரிலும் வினைலிலும் உள்ள இளக்கிகள் நைட்ரோ லாக்கருக்குள் புகுந்து அதை மென்மையாக்குகின்றன. நாப்தாவால் துடைத்து, காற்றோட்டத்தில் தொங்கவிட்டபின் ஒட்டல் வெகுவாகக் குறைந்தது. மங்கிய தடம் மட்டும் பாலிஷுக்கும் மசியவில்லை. இப்போது தாங்கியின் கைகளில் பருத்தித் துணியைச் சுற்றி வைத்திருக்கிறேன். வினைல் தோள்வாரையும் கிட்டாரின் மேல் சுருட்டி வைப்பதில்லை.