அம்மா கன்னத்துத் தனக்கா அழியாமல் பழைய படத்தைச் சரிசெய்வது எப்படி?

தட்டோன் பையன்:
வணக்கம். 1984-இல் கோயில் வாசலில் எடுத்த அம்மாவின் கலர் படம். சிங்கப்பூர்க் கப்பலில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்த ஃபிலிம். கன்னத்தில் தனக்கா (பர்மாவில் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து) அரைத்துப் பூசியிருக்கிறார். இப்போது படம் முழுக்கச் சிவப்பு ஏறி, தலைமுடிகூட செங்கல் நிறம். 1964-இல் பர்மாவிலிருந்து கப்பலேறிப் போன பெரியம்மா வீட்டார் தமிழ்நாட்டில் ஒரு கடையில் கொடுத்துப் பார்த்தார்கள். தேமல் என்று நினைத்துத் தனக்காவைச் சுத்தமாகத் துடைத்துவிட்டார்கள்! நானே போட்டோஷாப்பில் கர்வ்ஸ் (வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றும் வளைகோடு) எடுத்து எஸ் மாதிரி வளைத்தேன். முகம் ஆரஞ்சு, தனக்கா வெறும் வெள்ளைத் திட்டு. என்ன செய்ய?

ரங்கூன் 27-ஆம் தெரு:
ஆட்டோ கலர் அமுக்கிப் பாருங்க.

தட்டோன் பையன்:
அமுக்கினேன். அம்மா நீலமாகிவிட்டார்.

பழைய இருட்டறை, மோல்மீன்:
தம்பி, நிறத்தைத் திருத்துவது, வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டுவது என்று ரெண்டு வேலையை ஒரே வளைவில் செய்யப் பார்த்திருக்கிறீர்கள்.

கலர் தாளில் இருப்பது மூன்று சாயம். ஆல்பத்துக்குள் இருட்டில் கிடந்தாலும் அந்தக் காலத்துத் தாளில் பெரும்பாலும் சயான் என்ற பச்சைநீலச் சாயம்தான் முதலில் மங்கும். சிவப்பைத் தடுத்து நிறுத்துவது அதுதான். அது போனதால் நிழலெல்லாம் சிவப்பு. கர்வ்ஸில் சிவப்பு சேனலை மட்டும் திறங்கள். ஹிஸ்டோகிராமின் (எந்த வெளிச்ச அளவு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மேட்டுப்படம்) இடது ஓரம் காலியாகக் கிடக்கும். கீழ்ப் புள்ளியை மேடு தொடங்கும் இடம்வரை வலப்பக்கம் இழுங்கள். நான் செய்த ஒரு கல்யாணப் படத்தில் 60 வரை போக வேண்டியிருந்தது (அளவு 0 முதல் 255 வரை; 255 முழு வெளிச்சம்). முகத்தைப் பார்த்துச் செய்யாதீர்கள், முகம் ஏமாற்றும். முடி கறுக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம் எஸ் வளைவு. அதைத் தனி கர்வ்ஸ் லேயரில் போட்டு, பிளெண்டிங் மோடை (கீழ் லேயரோடு கலக்கும் விதம்) லூமினாசிட்டிக்கு மாற்றுங்கள். தோலில் சிவப்பு 200, நீலம் 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். நார்மலில் எஸ் வளைத்தால் 200 மேலே ஏறும், 120 கீழே இறங்கும். இடைவெளி கூடி ஆரஞ்சு ஆகிறது. லூமினாசிட்டியில் வெளிச்சம் மட்டும் மாறும்.

தனக்காவுக்கு இன்னொரு கர்வ்ஸ் லேயர். வளைக்கவே வேண்டாம், மோடை மல்டிப்ளை (பெருக்கல்) ஆக்கினால் போதும்: 200 × 200 ÷ 255, அதாவது 200 இருந்த இடம் 157 ஆகும். மாஸ்க்கை (லேயர் எங்கே தெரிய வேண்டும் என்று காட்டும் மறைப்பு) கறுப்பாக நிரப்பி, 15 சதவீத ஒப்பாசிட்டியில் (அழுத்தத்தில்) வெள்ளை பிரஷால் கன்னத்தில் மட்டும் மெதுவாகத் தடவுங்கள். விரலால் இழுத்த கோடுகள் தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் தனக்கா இல்லை, பவுடர்தான். ஆனால் 255-ஐ எத்தனை தரம் பெருக்கினாலும் 255-தான். ஸ்கேனிலேயே வெளுத்திருந்தால் வெளிச்சம் குறைத்து, 16 பிட்டில் (நிறப் படிகள் அதிகம்) மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

பெகு அக்கா:
என்னிடம் ஜிம்ப் 2.10 (இலவசப் படத்திருத்த மென்பொருள்). அதில் கர்வ்ஸைத் தனி லேயராகப் போட முடியாது. லேயரை நகல் எடுத்து, நகலில் கர்வ்ஸ் போட்டு, மோடை லூமினன்ஸ் ஆக்குவேன். பழைய லேப்டாப்புக்கு அதுவே போதும்.

தட்டோன் பையன்:
அண்ணே, சிவப்பை 70 வரை இழுத்தேன், முடி கறுத்தது. பழுப்பு என்று நினைத்திருந்த புடவை பச்சை! அம்மாவிடம் காட்டினால், "பச்சைதான்டா, நான் எப்போ இல்லைன்னேன்" என்கிறார். இடது கன்னத்தில் கோடுகள் வந்துவிட்டன. மூக்கு மேல் மட்டும் இன்னும் வெறும் வெள்ளை. கரண்ட் வந்ததும் மறுபடி ஸ்கேன் போடுகிறேன்.