உயர் அதிர்வெண் மின்பிறப்பாக்கிக்கு மாறும்போது எக்ஸ்றே அளவுகளை எவ்வாறு திருத்துவது?

வணக்கம். திருகோணமலையில் ஒரு மருத்துவ நிலையத்தின் எக்ஸ்றே பிரிவில் பணியாற்றுகிறேன். எங்கள் ஒற்றைக் கட்ட இயந்திரத்துக்குப் பதிலாக உயர் அதிர்வெண் மின்பிறப்பாக்கி (எக்ஸ்றே குழாய்க்கு உயர் மின்னழுத்தத்தை வழங்கும் பகுதி) கொண்ட இயந்திரம் வரவிருப்பதால், அனுபவமுள்ளவர்களின் வழிகாட்டலை வேண்டுகிறேன்.

பழையதில், கதிர்களை உண்டாக்கும் எக்ஸ்றே குழாய்க்குச் செல்லும் மின்னழுத்தம், நமது 50 ஹேட்ஸ் மின்சாரத்தைப் பின்பற்றி, செக்கனுக்கு 100 தடவை பூச்சியம்வரை இறங்கி ஏறுகிறது; உச்சத்தை அண்டியே பயனுள்ள கதிர்கள் பெரும்பாலும் பிறக்க, இறக்கத்தில் பிறக்கும் வலுக்குறைந்த கதிர்களில் பல படத்துக்கு உதவாமல் நோயாளியின் உடலிலேயே தங்கிவிடுகின்றன. புதியதில் இந்த ஏற்ற இறக்கம் மிகக் குறைவு என்பதால், உச்ச மின்னழுத்தம் அதே 70 கிலோவோல்ற்றாக இருந்தாலும் கதிரின் சராசரி ஆற்றல் கூடும், கதிர்படு நேரமும் குறையும். மூச்சை அடக்கத் தெரியாத குழந்தைகளின் நெஞ்சுப் படம் கலங்காமல் கிடைக்கும் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

ஆனால், ஆற்றல் கூடினால் விரல் எலும்புகளின் நுண்விவரங்களில் கறுப்பு வெள்ளை வேறுபாடு குறையுமல்லவா? மில்லியம்பியர் செக்கனை (குழாய் மின்னோட்டம் × கதிர்படு நேரம்) ஏறத்தாழப் பாதியாக்கினால் போதுமா, கிலோவோல்ற்றையும் சற்றுக் குறைக்க வேண்டுமா? இந்த மாற்றத்தைச் செய்தவர்கள், படிப்படியாகத் தடிப்பு மாறும் அலுமினியத் துண்டை வைத்து இரு இயந்திரங்களையும் ஒப்பிட்டிருந்தால், அந்த அளவுகளைத் தயவுசெய்து பகிருங்கள்.