ஸ்குவாட் செய்த பிறகு தொடை வலி: ஐஸ் வைக்கலாமா, வெந்நீர் ஒத்தடமா?

கார்முகில்
அனைவருக்கும் வணக்கம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு மறுபடி ஜிம்முக்குப் போகத் தொடங்கியிருக்கிறேன். திங்கட்கிழமை கால் பயிற்சி: எடை வைத்து ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), அப்புறம் லஞ்ச் (ஒரு காலை முன்னால் எட்டி வைத்து, முழங்காலை மடக்கி இறங்கி எழுவது). அன்று இரவு வரை ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் தொடையின் முன்பக்கம் இறுக ஆரம்பித்தது. இன்று புதன். நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருக்கிறது. படி ஏறிவிடலாம், இறங்கும்போதுதான் உயிர் போகிறது.

"டப்பில் ஐஸ் போட்டு உட்காருங்கள், தேங்கியிருக்கும் லாக்டிக் அமிலம் போய்விடும்" என்கிறார் டிரெயினர். "ஐஸ் வைத்தால் இன்னும் விறைத்துவிடும், வெந்நீர் ஒத்தடம் கொடு" என்கிறார் அண்ணன். இரண்டு பேரும் அடித்துச் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை மறுபடி கால் பயிற்சி வருகிறது. எதைச் செய்வது?

நெடுவழி
பதில் சொல்வதற்கு முன் சில கேள்விகள். வலி இரண்டு தொடையிலும் ஒரே மாதிரி இருக்கிறதா, ஒன்றில் மட்டும் கூடுதலா? எங்காவது வீக்கமோ ரத்தம் கட்டிய நீலமோ தெரிகிறதா? பயிற்சியின்போது எங்காவது சுரீரென்று இழுத்ததா? சிறுநீர் வழக்கமான நிறத்தில்தான் போகிறதா?

கடைசிக் கேள்வியைக் காரணத்தோடுதான் கேட்கிறேன். இடைவெளி விட்டு வந்து ஒரே நாளில் அளவுக்கு மீறிச் செய்பவர்களுக்கு, அரிதாகத் தசை இழைகள் பெருமளவில் சிதைந்து, அதிலிருந்து வெளியேறும் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் அடர்பழுப்பாகப் போவது, தொடை கல் மாதிரி வீங்குவது, காலைத் தூக்கவே வலுவில்லாமல் போவது எல்லாம் அதன் அறிகுறிகள். அப்படி ஏதாவது இருந்தால் ஐஸும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கார்முகில்
சிறுநீர் சாதாரணமாகத்தான் இருக்கிறது. முன்தொடை வலி இரண்டு காலிலும் ஒன்றுபோல இருக்கிறது. ஆனால் கடைசி லஞ்ச் செட்டில் வலது பின்தொடையில் ஒரு இழுப்பு வந்தது உண்மை. இப்போது அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்திருக்கிறது. அழுத்தினால் வலிக்கிறது. நடக்க முடிகிறது.

நெடுவழி
அப்படியென்றால் உங்கள் காலில் இரண்டு வெவ்வேறு பிரச்சினைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்யக் கூடாது.

முதலில் முன்தொடை. பழக்கமில்லாத பயிற்சிக்குப் பிறகு தாமதித்து வரும் வலி இது. தசை பாரத்தைத் தாங்கியபடியே நீளும்போது, அதாவது ஸ்குவாட்டில் கீழே இறங்கும் கட்டத்தில், இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதை உடல் சரிசெய்யும் காலத்தில் அந்த இடத்து நரம்புகளுக்குக் கூச்சம் அதிகமாகிவிடும். 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, தானாக வடியும். படி இறங்கும்போது கூடுதலாக வலிப்பதும் இதனால்தான்: அப்போதும் முன்தொடை உங்கள் எடையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. லாக்டிக் அமிலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பயிற்சியில் சேரும் லாக்டேட் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே இயல்பு நிலைக்கு இறங்கிவிடும், புதன்கிழமை வரை தொடையில் தேங்கி நிற்காது.

இந்த வலிக்கு அண்ணன் சொன்னபடி ஒத்தடம் தாராளமாகக் கொடுக்கலாம். பருத்தித் துண்டை வெந்நீரில் முக்கி, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, முதலில் முன்கையின் உட்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே இதமாக இருந்தால் தொடைக்கும் சரி. வெடுக்கென்று எடுக்கத் தோன்றினால் கொஞ்சம் ஆறட்டும். துண்டு சீக்கிரம் ஆறிவிடும், மறுபடி மறுபடி முக்கி 15 அல்லது 20 நிமிடம் கொடுத்தால் போதும். வெந்நீர்ப் பை வைப்பதாக இருந்தால் துணி சுற்றித் தொடைமேல் வையுங்கள். பையின்மேல் தொடையைப் போட்டுப் படுக்காதீர்கள், வைத்தபடி தூங்கவும் வேண்டாம். தொட்டால் பெரிதாகச் சுடாத 44 டிகிரி செல்சியஸ்கூட மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் தோலைப் புண்ணாக்கும்.

அப்புறம் பின்தொடை. இழுப்பு வந்த இடத்தில் நீலம் இருக்கிறது என்றால், இழைகள் கிழிந்து உள்ளே ரத்தம் கசிந்திருக்க வாய்ப்பு அதிகம். அங்கே இப்போது சூடு கூடாது, கசிவும் வீக்கமும் கூடலாம். உருவிவிடுவது, தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பது, காலை இழுத்து நீட்டுவது, இவை எதுவுமே வேண்டாம். வலி அதிகமாக இருந்தால் ஐஸ் வையுங்கள். கட்டிகளைப் பையில் போட்டு, ஈரமான மெல்லிய துணி சுற்றி, 10 முதல் 15 நிமிடம். முதலில் சில்லென்றிருக்கும், பிறகு எரியும், அப்புறம் ஒரு கடுப்பு வரும், கடைசியில் மரத்துப்போகும். மரத்ததும் எடுத்துவிட வேண்டும். அடுத்த முறைக்குள் 2 மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். மரத்த காலோடு உடனே பயிற்சியில் இறங்காதீர்கள். வலி தெரியாது, தசைக்கு வலுவும் அப்போது குறைவாகத்தான் இருக்கும்.

இரும்புத்தடம்
முன்தொடைக்கு ஐஸ் குளியல் வேண்டாம் என்கிற மாதிரி இருக்கிறது. எத்தனையோ விளையாட்டு வீரர்கள் போட்டி முடிந்ததும் ஐஸ் தண்ணீரில்தான் உட்காருகிறார்கள். நானும் நீண்ட ஓட்டம் ஓடிய நாளில் உட்காருவேன், மறுநாள் கால் லேசாக இருக்கும். பலன் இல்லாமலா இவ்வளவு பேர் செய்கிறோம்?

நெடுவழி
பலன் இருக்கிறது, மறுக்கவில்லை. 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு இது பற்றிய 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. சும்மா ஓய்வெடுப்பதைவிட, பயிற்சி முடிந்த பிறகு குளிர்ந்த நீரில் இருப்பது அடுத்தடுத்த நாட்களின் வலியைக் குறைக்கிறது என்றே தெரிந்தது. அதற்கு 10 முதல் 15 டிகிரித் தண்ணீரில் 10 முதல் 15 நிமிடம் இருந்தால் போதும். பல் கிட்டும் அளவுக்கு ஐஸைக் கொட்ட வேண்டியதில்லை. கார்முகிலுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது, அதனால்தான் சொல்லவில்லை.

ஆனால் எதற்காகப் பயிற்சி செய்கிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், 12 வாரம் எடைப் பயிற்சி செய்தவர்களில் ஒரு பிரிவினர் ஒவ்வொரு முறையும் 10 டிகிரித் தண்ணீரில் 10 நிமிடம் இருந்தார்கள், இன்னொரு பிரிவினர் மெதுவாக சைக்கிள் மிதித்தார்கள். குளிர்ந்த நீரில் இருந்தவர்களுக்குத் தசை வளர்ச்சியும் வலுவும் குறைவாகவே கூடின. தசை தன்னைச் சரிசெய்துகொண்டு பெருக்க வேண்டிய வேலையையே குளிர் தணித்துவிடுகிறது. நாளைக்கே இன்னொரு போட்டி இருக்கிறது என்றால் ஐஸ் குளியல் நல்லது. உடலை வலுவாக்க ஜிம்முக்கு வருகிறவர் ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் அதைச் செய்வது, உழைத்த உழைப்பில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பதுதான். புதிதாக வருகிறவர்களிடம் டிரெயினர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

காயத்துக்கு ஐஸ் வைப்பதிலும் கருத்து மாறியிருக்கிறது. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978இல் சேர்த்துச் சொன்ன மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்பாடு எழுதினார். அதனால் வலியைத் தாங்க மட்டும் ஐஸ் வையுங்கள், நாள் முழுக்க வேண்டாம்.

வானம்பாடி
இடையில் ஒரு சந்தேகம். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. தினமும் வேகநடை போய்விட்டு வந்து, கால் வலிக்கிறது என்று வெந்நீரில் பாதத்தை வைத்துக்கொள்கிறார். பரவாயில்லையா?

நெடுவழி
வேண்டாம், தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். நீண்ட நாள் சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்வு மங்கியிருக்கலாம். சுடுவது தெரியாமலே தோல் வெந்து, ஆறாத புண்ணாகிவிடும். ஐஸுக்கும் இதே எச்சரிக்கைதான். உணர்வு சரியாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் ஒருமுறை சோதித்த பிறகு முடிவெடுங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த கட்டியாகவும் இருக்கலாம். ஒத்தடமோ உருவுதலோ செய்யாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கார்முகில்
நன்றி. நேற்று ராத்திரி முன்தொடைக்கு ஒத்தடம் கொடுத்தேன், இன்று காலை எழுந்திருக்கவே சுலபமாக இருக்கிறது. பின்தொடையில் ஐஸ் வைத்தால் வலி அடங்குகிறது, ஆனால் குனிந்து செருப்பு மாட்டும்போது பிடிக்கிறது. நாளைக்குப் போகலாமா? பின்தொடைக்கு எப்போது சூடு கொடுக்கலாம்?

நெடுவழி
குனிந்தாலே பிடிக்கிறது என்றால் நாளைக்கு ஸ்குவாட், லஞ்ச் இரண்டும் வேண்டாம். கை, தோள் பயிற்சி செய்யலாம். வலி கூடாத வரை சமதரையில் நடங்கள். முன்தொடைக்கும் அந்த அசைவு ஒத்தடம் அளவுக்கே இதம் தரும். அடுத்த முறை கால் பயிற்சி செய்யும்போது பாதி எடையில் ஆரம்பித்தால் இவ்வளவு வலி வராது. ஒருமுறை பழகிய தசை அதே வேலைக்கு மறுமுறை இந்த அளவு நோகாது.

பின்தொடையில் வீக்கம் வடிந்து, தொட்டால் மற்ற காலைவிடச் சூடாக இல்லை என்று ஆன பிறகு மிதமான சூடு கொடுக்கலாம். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கு மேல் ஆகும். அந்த இடத்தில் விரலுக்குப் பள்ளம் தட்டுப்பட்டாலோ, நீலம் முழங்கால் வரை இறங்கினாலோ, முழங்காலை மடக்க வலுவில்லாமல் போனாலோ பிசியோதெரபிஸ்டிடமோ எலும்பு மருத்துவரிடமோ காட்டுங்கள், காத்திருக்க வேண்டாம்.