கெர்னல் 5.15க்கு மாறியபின் என்ஏஎஸ் பகிர்வு மவுண்ட் ஆகவில்லை

கேள்வி: கணக்கர்

அலுவலகக் கணினியில் உபுண்டு 20.04 இயங்குகிறது. வழக்கமான புதுப்பிப்பில், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் 5.13இலிருந்து 5.15க்கு மாறியது. மறுதொடக்கம் செய்ததிலிருந்து, பழைய என்ஏஎஸ் பெட்டியிலுள்ள (வலையமைப்பு வழியே கோப்புகளைத் தரும் சேமிப்புக் கருவி) பகிர்வுக் கோப்புறை மவுண்ட் ஆவதில்லை, அதாவது கணினியுடன் இணைவதில்லை. ‘மவுண்ட் எரர் 22, இன்வேலிட் ஆர்க்யுமென்ட்’ என்று மட்டும் வருகிறது. பெட்டிக்குப் பிங் போகிறது, பக்கத்து விண்டோஸ் 7 கணினியில் கோப்புகள் திறக்கின்றன, கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை. கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் 5.13ஐத் தேர்ந்தெடுத்துத் தொடங்கினால் எல்லாம் சரியாக இருக்கிறது. பழைய கெர்னலிலேயே நின்றுவிடலாமா?

மறுமொழி: வடம்

கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பியின் பதிப்புதான் காரணமாக இருக்கும். 2017இல் வந்த 4.13 கெர்னல் முதல், பதிப்பைக் குறிப்பிடாவிட்டால் லினக்ஸ் எஸ்எம்பி 1இல் பேசுவதில்லை. மவுண்ட் வரியில் ‘வெர்ஸ்=1.0’ சேர்த்துப் பாருங்கள்.

மறுமொழி: முனையம்

அப்படி இருந்தால் 5.13இலேயே தகராறு செய்திருக்க வேண்டும். பிழையும் பெரும்பாலும் 112, அதாவது ‘ஹோஸ்ட் இஸ் டவுன்’ என்று வந்திருக்கும். 22 என்பது வேறு: நீங்கள் கொடுத்த விருப்பங்களில் ஏதோ ஒன்றைக் கெர்னலே ஏற்கவில்லை. அதனால் பிங் போகிறதா என்று பார்ப்பதில் இங்கே பயனில்லை. மவுண்ட் அமைப்புகள் உள்ள எஃப்எஸ்டேப் கோப்பின் வரியையும், கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் கடைசிச் சில வரிகளையும் இடுங்கள்.

கணக்கர்

எஃப்எஸ்டேப் வரியில் ‘வெர்ஸ்=1.0’ ஏற்கெனவே இருக்கிறது; அதையடுத்து ‘செக்=என்டிஎல்எம்’ என்றும் இருக்கிறது. டிமெசேஜில் ‘பேட் செக்யூரிட்டி ஆப்ஷன்: என்டிஎல்எம்’ என்று வருகிறது.

மறுமொழி: முனையம்

விடை அந்த வரியிலேயே இருக்கிறது. 2021 அக்டோபர் இறுதியில் வெளியான 5.15இல், எளிதில் உடைக்கக்கூடிய கடவுச்சொல் சரிபார்ப்பு முறையான என்டிஎல்எம் முதல் பதிப்பையும் அதற்கு முந்தைய லேன்மேன் முறையையும், எஸ்எம்பி பகிர்வுகளைக் கையாளும் சிஐஎஃப்எஸ் பகுதியிலிருந்து அடியோடு நீக்கிவிட்டார்கள். எனவே அந்தச் சொல் இப்போது கெர்னலுக்குப் புரியாது. ‘செக்’ விருப்பத்தை எடுத்துவிடுங்கள். இயல்பாக அமையும் என்டிஎல்எம்எஸ்எஸ்பி, என்டிஎல்எம் இரண்டாம் பதிப்பைப் பயன்படுத்தும். பழைய எஸ்எம்பி சேவை மென்பொருளான சம்பா 3 இயங்கும் பெட்டிகள்கூட அதைப் பொதுவாக ஏற்கும். அதற்குப் பின் பிழை 13 (அனுமதி மறுப்பு) வந்தால், பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் இரண்டாம் பதிப்பு அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கெர்னலை 5.13இல் நிறுத்திவைக்க வேண்டாம். அதற்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. ஒரு மவுண்ட் விருப்பத்துக்காகக் கணினி முழுவதையும் திறந்துபோடுவது நியாயமில்லை.

கணக்கர்

‘செக்’ விருப்பத்தை நீக்கியதும் 5.15இலேயே மவுண்ட் ஆகிவிட்டது, நன்றி ஐயா. ‘வெர்ஸ்=2.0’ கொடுத்தும் பார்த்தேன்; அப்போது 112 வருகிறது.

மறுமொழி: முனையம்

அப்படியானால் பெட்டிக்கு எஸ்எம்பி 1 மட்டுமே தெரியும், அல்லது மேற்பட்ட பதிப்புகள் அதில் அணைக்கப்பட்டிருக்கின்றன. முதலில் அதன் ஃபர்ம்வேருக்கு (பெட்டியின் உள்மென்பொருள்) புதுப்பிப்பு உண்டா என்று தேடுங்கள். இல்லையென்றால், பெட்டியை மாற்றும்வரை ரவுட்டரில் அதற்கு இணையத் தொடர்பை மறித்துவிடுங்கள்.