மிச்சிகனில் கல்லூரிக் கால்பந்துப் போட்டி: முதன்முறையாகச் செல்கிறோம், வழிகாட்டுங்கள்

கேள்வி: நங்கநல்லூர்க்காரர்

என் மகள் ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறாள். வரும் செப்டம்பரில் நானும் மனைவியும், எழுபதைக் கடந்த என் தந்தையும் அங்கே செல்லவிருக்கிறோம். ஒரு சனிக்கிழமை தங்கள் பல்கலைக்கழக அணியின் அமெரிக்கக் கால்பந்துப் போட்டிக்கு எங்களை அழைத்துச் சென்றே தீருவேன் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள். சேப்பாக்கத்தில் டெஸ்ட் போட்டிகளை ஐந்து நாளும் உட்கார்ந்து பார்த்தவர் என் தந்தை; ஆகவே நேரம் அவருக்குப் பொருட்டில்லை, முழங்கால் வலிதான் கவலை. மாணவர் பகுதியிலேயே எங்களுக்கும் இடம் பிடித்துவிடலாம் என்கிறாள் மகள். அது சரிப்படுமா? விதிகள் ஏதும் தெரியாமல் போனால் ரசிக்க முடியுமா? சைவ உணவு கிடைக்குமா?

பதில்: அடையாறு வாசி

மாணவர் பகுதி வேண்டவே வேண்டாம். அங்கே இருக்கை என்பது பெயருக்குத்தான். ஆட்டம் முழுவதையும் மாணவர்கள் நின்றுகொண்டேதான் பார்ப்பார்கள். மகள் தன் நண்பர்களோடு அங்கே நிற்கட்டும், நீங்கள் மூவரும் பொதுப் பகுதியில் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 1927-இல் திறக்கப்பட்ட அந்த அரங்கில் 1,07,601 பேர் அமரலாம். நம் சேப்பாக்கத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். அதன் பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமாக அமைந்திருப்பதால், வாசலைத் தாண்டியதும் படிகள் கீழ்நோக்கி இறங்கும். மைதானத்துக்கு நெருக்கமாக இருக்கிறதே என்று முன்வரிசையை வாங்கினால், கழிப்பறைக்குச் செல்ல வேண்டிய ஒவ்வொரு முறையும் தங்கள் தந்தையார் அத்தனை படிகளையும் ஏறியாக வேண்டும். மேல்வரிசைகளே வாசலுக்கு அருகில் இருப்பவை. ஆட்டத்தின் போக்கும் அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும்.

கைப்பைகளுக்கு அங்கே அனுமதி இல்லை. சீட்டு கைபேசியில்தான் வரும் என்பதால் மின்னூட்டம் குறையாமல் பார்த்துக்கொள்ளவும். பெரும்பாலான இருக்கைகள் எண் எழுதப்பட்ட நீண்ட பெஞ்சுகளே. கூரையும் கிடையாது, ஆகவே தொப்பி அவசியம். பல போட்டிகளின் தொடக்க நேரம் ஓரிரு வாரங்களுக்கு முன்புதான் உறுதியாகும். எனவே அந்தச் சனிக்கிழமை மாலைக்கு வேறு பயணம் எதையும் திட்டமிடாதீர்கள்.

பதில்: ஐந்தாம் டிவிஷன் சுழற்பந்து

விதிகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றவை தாமாகப் புரிந்துவிடும். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றுக்குள் பத்து கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளம் 22 கெஜம் என்பதைத் தங்கள் தந்தையாரிடம் நினைவுபடுத்தினால், அதில் பாதிக்கும் குறைவான தொலைவுக்காக இருபத்திரண்டு பேர் இப்படி முட்டி மோதுகிறார்களே என்று அவரே வியப்பார். மூன்று முயற்சிகளில் முன்னேற முடியாவிட்டால், நான்காவதில் பெரும்பாலும் பந்தை எதிரணியின் பக்கம் தொலைவாக உதைத்துவிடுவார்கள், அல்லது கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளிகள் பெற முயல்வார்கள். மைதானத்தின் கோடியில் உள்ள எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளிகள். அதன்பின் உதைக்குக் கூடுதலாக 1, மறுபடியும் எல்லைக்குள் கொண்டு சேர்த்தால் 2. நடுவர் மஞ்சள் துணியை எறிந்தால் யாரோ விதியை மீறியிருக்கிறார்கள் என்று பொருள்.

கைதட்டுவதிலும் ஒரு முறை உண்டு. எதிரணியிடம் பந்து இருக்கும்போதுதான், அதிலும் அவர்களுடைய மூன்றாவது முயற்சியின்போது, அரங்கமே எழுந்து கூச்சலிடும். அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது காதில் விழக்கூடாது என்பதே நோக்கம். சொந்த அணி ஆடத் தொடங்கும்போது அமைதி காப்பார்கள். ஆர்வக்கோளாறில் அந்த நேரத்தில் விசிலடித்தால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார்.

கணக்குப்படி 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள்தாம் என்றாலும், கடிகாரம் அடிக்கடி நிற்பதாலும் தொலைக்காட்சி விளம்பரங்களுக்காக ஆட்டம் காத்திருப்பதாலும் மூன்றரை மணி நேரம் வரை ஆகிவிடும். டெஸ்ட் பார்த்தவருக்கு இது ஒன்றுமே இல்லை.

பதில்: கோட்டூர்புரம்

முடிந்தால் பயணத்தை நவம்பர் இறுதிக்குத் தள்ளிப்போடுங்கள் என்பேன். 1897-இல் தொடங்கிய, ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியுடனான மோதல் அப்போதுதான் நடக்கும். ஓராண்டு ஆன் ஆர்பரிலும் மறு ஆண்டு அவர்களுடைய ஊரான கொலம்பஸிலும் நடப்பதால், எந்த ஊர் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் போட்டியைப் பார்க்காமல் கல்லூரிக் கால்பந்தைப் பார்த்தேன் என்று சொல்வதில் பொருளில்லை.

பதில்: அடையாறு வாசி

கோட்டூர்புரம் ஐயா சொல்வது இளைஞர்களுக்குப் பொருந்தும். அந்தச் சீட்டின் விலையும் நவம்பர் இறுதியின் குளிரும் சென்னையிலிருந்து போகும் எழுபது வயதுக்காரருக்கு ஏற்றவை அல்ல. செப்டம்பரில் பெரும்பாலும் வலுக்குறைந்த அணிகளோடுதான் ஆடுவார்கள் என்பது உண்மையே. ஆனால் சீட்டு மலிவாக இருக்கும், வாத்திய அணிவகுப்பில் எந்தக் குறையும் இருக்காது. ஆட்டத்துக்கு முன்பும் 20 நிமிட இடைவேளையிலும் மாணவர்கள் வாசிப்பதைக் கேட்கவே பலர் வருகிறார்கள், ஆகவே அரை மணி நேரம் முன்னதாகவே இருக்கைக்குப் போய்விடுங்கள்.

உணவைப் பொறுத்தவரை, உள்ளே பாப்கார்ன், பிரெட்செல், நாச்சோஸ் ஆகியவற்றோடு சைவம் முடிந்துவிடும். அரங்கைச் சுற்றியுள்ள திடல்களில் காலையிலிருந்தே குடும்பம் குடும்பமாக வண்டிகளை நிறுத்தி, அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடுவார்கள். மகளின் நண்பர்கள் யாரேனும் அப்படி இடம் பிடித்திருந்தால் புளியோதரையை அங்கேயே முடித்துவிட்டு உள்ளே போகலாம்.