ஒன்பதாம் வகுப்புச் சேட்டை: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

ஆசிரியத் தோழமைகளுக்கு வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் 9ஆம் வகுப்பாசிரியர் நான். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், கடைசி பெஞ்சில் தாளம் ஆரம்பித்துவிடும். "பிரம்பைப் பிடுங்கியதால் வந்த வினை" என்கிறார்கள் சக ஆசிரியர்கள் சிலர். எனக்கு உடன்பாடில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனதளவில் வதைப்பதையும் தடுக்கிறது; அது சரிதான். அதிகம் சேட்டை செய்யும் இருவரும் இன்னும் தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். எட்டாவதுவரை தேர்ச்சி தடையில்லாமல் வந்துவிட்டது. பாடம் புரியாத பிள்ளை பீரியட் முழுக்க வேறென்ன செய்வான்? பெற்றோரை வரச்சொன்னால் அவர்களுக்கு ஒருநாள் கூலி போகிறது, வீட்டில் அவனுக்கு அடி விழுகிறது. இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பாடத்துக்குள் கொண்டுவந்தவர்கள், முதலில் என்ன செய்தீர்கள், எது பலிக்கவில்லை என்று எழுதுங்கள். மற்றவர்கள் முன் கூச்சப்படாமல் வாசிக்கப் பழக்கும் வழி இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.