14 பிரிவு, ஒரே வட்டப் படம்: பாக்குற சனத்துக்கு விளங்குதில்ல, உதவி தேவை

வவுணதீவுப் பிள்ளை:
மட்டக்களப்பு மாவட்டத்துல உள்ள 14 பிரதேச செயலகப் பிரிவுக்கும் டெங்குக் கணக்கை எக்செல்ல வட்டப் படமாப் போட்டிருக்கன். பிரிவுக்கு ஒரு கலர். கூட்டத்துல காட்டினா, "ஏறாவூர் நகர் கூடவா, காத்தான்குடி கூடவா?" எண்டு கேக்குறாங்க. ஒரு ஐயாவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்டாத் தெரியுதாம். போட்டோகொப்பி எடுத்தா எல்லாம் ஒரே சாம்பல். மாரிக்கு முதல் ஊர் ஊரா ஒட்டணும். என்ன செய்யலாம்?

கல்முனைக்காரன்:
தங்கச்சி, வட்டத்தை விட்டுட்டுக் கிடைப் பட்டையாப் போடுங்க. கோணத்தையும் பரப்பையும் ஒப்பிடக் கண்ணுக்குக் கஷ்டம். ஒரே கோட்டுல தொடங்குற நீளம் எண்டா பாத்தவுடனே பிடிபடும். 1984 இல கிளீவ்லண்ட், மெக்கில் எண்ட ரெண்டு ஆய்வாளர் ஆக்களை வெச்சுப் பரிசோதிச்சதுலயும் கோணத்தை மதிப்பிடுறதுலதான் பிழை கூட.

கூடினது மேல, குறைஞ்சது கீழ. பேரைப் பட்டைக்குப் பக்கத்துலயே எழுதுங்க. தனியாக் கலர்க் குறிப்பு வெச்சா, கலரை மனசுல வெச்சுக்கொண்டு கண் அங்கயும் இங்கயும் ஓடணும். 14 கலரை ஒருத்தராலயும் அப்பிடிப் பிடிக்க ஏலாது. பட்டை 0 இலதான் தொடங்கணும். 20 இல வெட்டினீங்க எண்டா, 24 பேர் உள்ள ஊர் 22 பேர் உள்ள ஊரை விட ரெண்டு மடங்காத் தெரியும். பாவம், சனம் வீணாப் பயப்படும்.

மறுகா, எல்லாப் பட்டையையும் மெல்லிய சாம்பலா விட்டு, ஒட்டுற ஊர்ட பட்டையை மட்டும் கடும் நீலமாக்குங்க. தேடாமலே கண் அதுல போய் நிக்கும்.

பட்டிருப்பு ஆள்:
ஐயாவுக்கு நிறக்குருடா இருக்கலாம். கலரைப் பிடிக்கிற கூம்புக் கலம் கண்ணுல மூணு வகை. அதுல சிவப்பையோ பச்சையையோ பிடிக்கிற கலம் சரியா வேலை செய்யாட்டி சிவப்பு, பச்சை குழம்பும். ஐரோப்பிய வம்ச ஆண்கள்ல 8 வீதம் அளவுல இது இருக்கு, பெண்கள்ல நல்லாக் குறைவு. ரெண்டு கலர் கட்டாயம் வேணுமெண்டா நீலமும் செம்மஞ்சளும் எடுங்க, ஒண்டு கடுமை, மற்றது வெளிர். அப்பதான் போட்டோகொப்பியிலயும் பிரிஞ்சு தெரியும்.

வவுணதீவுப் பிள்ளை:
நன்றி அண்ணன்மார். மாதக் கணக்கும் இருக்கு. 14 கோட்டையும் ஒண்டாப் போட்டா நூல் சிக்கின மாதிரி வருது.

கல்முனைக்காரன்:
பிரிவுக்கு ஒண்டா 14 சின்னப் படம் போடுங்க. எக்செல் ஒவ்வொண்டுக்கும் தன்பாட்டுல வேற வேற உச்ச அளவு வைக்கும். எல்லாத்துக்கும் ஒரே அளவைக் கையால குடுங்க. இன்னொண்டு, வெறும் எண்ணிக்கையைப் போட்டா சனத்தொகை கூடின மண்முனை வடக்குதான் மேல நிக்கப் பாக்கும். 10,000 பேருக்கு எத்தினை எண்டு கணிச்சிட்டு வரிசைப்படுத்துங்க.